புதிய தலைமை ஆசிரியர்களுக்கு வழிகாட்டலும் கோச்சிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் முதல்முறையாகத் தலைமை ஆசிரியர் பொறுப்பை ஏற்பவர்களையும் அவர்களுக்குத் துணை நிற்க விரும்பும் மூத்த தலைமை ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. அரசுப் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளுமே இதில் முதன்மையாகப் பேசப்படுகின்றன. தனியார் பள்ளி முதல்வர்களுக்கென ஒரு கேள்வி தனியே உள்ளது.

இருபது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவருக்குத் தலைமைப் பணி தானாக வந்துவிடாதா?

வராது. அரசுப் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் பதவி பெரும்பாலும் பணிமூப்பின் அடிப்படையில் கிடைக்கிறது. நேற்றுவரை பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர் கலந்தாய்வில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார். சில நாட்களில் அந்தப் பள்ளியின் நாற்காலியில் அமர்ந்து, சம்பளப் பட்டியல், எமிஸ் எனப்படும் கல்வித் துறை இணையதளப் பதிவுகள், சத்துணவு, கழிப்பறைத் தூய்மை, தணிக்கைத் தடைகள் (கணக்குத் தணிக்கையில் எழுப்பப்பட்ட ஆட்சேபங்கள்), பெற்றோர் புகார், இவை அனைத்துக்கும் கையொப்பமிடும் ஆளாகிவிடுகிறார். இவற்றையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தாம் பாடம் நடத்துவதிலிருந்து பிறர் நடத்தும் பாடத்துக்குப் பொறுப்பேற்பதுதான் உண்மையான மாற்றம். அதற்கு ஆசிரியர் அனுபவம் பாதிதான் உதவும். நன்றாகக் கணக்கு நடத்தத் தெரிந்தவருக்கு, தமிழாசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து என்ன பார்ப்பது, வெளியே வந்தபின் அவர் மனம் நோகாமல் எதைச் சொல்வது என்பது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் அறையில் எல்லோரோடும் சேர்ந்து அலுத்துக்கொண்டிருந்தவர், பதவி ஏற்ற மறுநாள் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. தம் ஐயங்களைக் கீழே உள்ளவர்களிடம் சொன்னால் ‘இவருக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்றாகிவிடும். மேலே உள்ளவர்களிடம் சொன்னால் அது குறிப்பாகிவிடும். பக்கவாட்டில் ஒருவர் தேவைப்படுவது இதனால்தான்.

வழிகாட்டலுக்கும் கோச்சிங்குக்கும் என்ன வேறுபாடு?

வழிகாட்டி அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவர். தம் அனுபவத்திலிருந்து ‘இப்படிச் செய்யுங்கள், இதை இப்போது தொடாதீர்கள்’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கோச் அப்படிச் சொல்வதில்லை. அவர் கேள்விகள் கேட்டு, எதிரில் இருப்பவர் தம் முடிவைத் தாமே எட்டும்படி செய்கிறார். அவருக்குத் தலைமை ஆசிரியர் அனுபவம் இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. வழிகாட்டல் ஆண்டுக்கணக்கில் நீளும் உறவு. கோச்சிங் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சிக்கலையோ திறனையோ முன்வைத்துச் சில மாதங்கள் நடந்து முடிவது.

நடைமுறையில் ஒரே ஆள் இரண்டையும் செய்வார். பொறுப்பேற்ற முதல் வாரங்களில் புதியவருக்கு விடைகள் வேண்டும்: எந்தப் பதிவேட்டை முதலில் திறப்பது, எந்தத் தேதிக்குள் எந்தப் பட்டியலை அனுப்புவது. அப்போது கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது கொடுமை. ஆனால் ஆறு மாதம் கழிந்தும் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிக்கொண்டே இருக்கும் வழிகாட்டி, அந்தப் பள்ளியைத் தொலைபேசியில் தாமே நடத்திக்கொண்டிருக்கிறார் என்றுதான் பொருள்.

வட்டாரக் கல்வி அலுவலரே வழிகாட்டியாக இருந்தால் என்ன?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது என்று கருதுகிறோம். கூடாது என்பதே எங்கள் விடை. காரணம் அந்த அலுவலரின் குணம் அல்ல, அவருடைய நாற்காலி. ஆய்வுக்கு வரும் கையும் தோளில் தட்டும் கையும் ஒன்றாக இருந்தால், தலைமை ஆசிரியர் ஆய்வுக்கு அஞ்சியே பேசுவார். ‘எட்டாம் வகுப்பில் சில பிள்ளைகளுக்குத் தமிழே வாசிக்க வரவில்லை, என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை’ என்ற ஒரு வாக்கியத்தில்தான் கற்றல் தொடங்குகிறது. பின்னால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி குறிப்பாணை வரக்கூடும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் அந்த வாக்கியம் பிறக்காது. அதற்குப் பதில் எமிஸில் எல்லாம் பச்சை நிறத்தில் இருக்கும்.

இதே காரணத்தால் முதன்மைக் கல்வி அலுவலரின் நேர்முக உதவியாளரோ, அதே வட்டாரத்தில் பணிமாறுதல்களில் செல்வாக்குள்ள சங்கப் பொறுப்பாளரோ பொருத்தமானவர்கள் அல்லர். ஆசிரியப் பயிற்றுநர்கள் இடைப்பட்ட நிலையில் இருக்கிறார்கள்: அவர்கள் வருவது கற்பித்தலுக்கு உதவத்தான் என்றாலும், பல பள்ளிகளில் தரவு சேகரிக்க வருபவர்களாகவே பார்க்கப்படுகிறார்கள். அவர்கள் பையில் படிவம் இல்லாமல் வரும் நாட்களில் நல்ல கோச்சாக இருக்க முடியும்.

அலுவலருக்கு இதில் வேலையே இல்லை என்பதல்ல. வழிகாட்டியும் புதியவரும் சந்திக்க நேரம் ஒதுக்கித் தருவதும், அவர்கள் என்ன பேசினார்கள் என்று அறிக்கை கேட்காமல் இருப்பதும் அவர் செய்யக்கூடிய பெரிய உதவிகள்.

அப்படியானால் யாரைத் தேடுவது?

பள்ளியின் வகை பொருந்த வேண்டும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறித் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும், கோவை மாநகரில் பல பிரிவுகளோடு இயங்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் சிக்கல்கள் ஒன்றல்ல. ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியரே மூன்று வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்க நிலையில் 150 மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களுக்கு மேலாகத் தலைமை ஆசிரியர் ஒருவர் என்ற கணக்கு வருகிறது. அதற்குக் கீழே உள்ள பள்ளியின் தலைவருக்கு, சாக்பீஸைக் கீழே வைக்காமலேயே நிர்வாகம் செய்த ஒருவர்தான் வழிகாட்ட முடியும்.

அண்மையில் ஓய்வு பெற்றவர்கள் நல்ல தேர்வு. அவர்களுக்கு நேரம் உண்டு. யாரிடமும் எதையும் பெற வேண்டியதில்லை. ஆனால் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவருக்கு இன்றைய செயலிகளும் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ போன்ற திட்டங்களும் தெரிந்திருக்காது. அலுவல் சார்ந்த ஐயங்களுக்குப் பக்கத்துப் பள்ளியில் பணியில் உள்ள தலைமை ஆசிரியர், மனிதர்கள் சார்ந்தவற்றுக்கு ஓய்வு பெற்றவர் என்று இருவரை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அதே பள்ளியில் உங்களுக்கு முன்பு தலைமை ஆசிரியராக இருந்தவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பொறுப்பு ஒப்படைப்பு தொடர்பான விவரங்களுக்கு அவர் வேண்டும். அதற்கு மேல், நீங்கள் மாற்ற நினைப்பதெல்லாம் அவர் செய்துவைத்ததாகவே இருக்கும்.

மலைப் பள்ளிகளுக்கு வழிகாட்டி எப்படிச் செல்வது?

அடிக்கடி செல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டு திட்டமிட வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70, தாளவாடி செல்ல திம்பத்தில் 27. பருவத்துக்கு ஒருமுறை நேரில் சென்று ஒரு முழு நாள் பள்ளியில் இருப்பதும், இடையில் குறித்த கிழமையில் குறித்த நேரத்தில் தொலைபேசியில் பேசுவதும் போதும். சமவெளி வழிகாட்டிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளவாடியில் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் உண்டு. பர்கூரிலும் கொல்லிமலையிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளின் இரவுப் பொறுப்பும் தலைமை ஆசிரியரின் தலையில் விழுகிறது. கோபியிலோ பெருந்துறையிலோ பலித்த ஆலோசனை அங்கே அப்படியே பலிக்காது. முதல் முறை செல்லும்போது எதுவும் சொல்லாமல் பார்த்துவிட்டு மட்டும் வருவது நல்லது.

பொறுப்பேற்றவுடன் எதைப் பற்றிப் பேசுவது?

முதலில் பொறுப்பு ஒப்படைப்பு. ரொக்கப் புத்தகத்தின் இருப்பும் வங்கிக் கணக்கின் இருப்பும் ஒத்துவருகின்றனவா, இருப்புப் பதிவேட்டில் உள்ள கணினிகள் கண்ணுக்கு எதிரே உள்ளனவா, நிலுவையிலுள்ள தணிக்கைத் தடைகள் எவை, பணிப் பதிவேடுகள் எந்த அளவில் எழுதப்பட்டுள்ளன, இவற்றைக் கையொப்பமிடும் முன்பே பார்க்க வேண்டும். ‘சார் போடுங்க, அப்புறம் பாத்துக்கலாமுங்க’ என்று அன்பாகச் சொல்லும் குரல் எப்போதும் ஒன்று இருக்கும். வழிகாட்டி அன்று அருகில் இருந்தாலே போதும், பல ஆண்டுத் தலைவலி மிச்சமாகும்.

பள்ளி மானியத்தையும் அப்போதே பேசிவிடலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறையில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அது மாறுகிறது: 31 முதல் 100 வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000, அதற்கு மேல் 1,000 வரை 75,000. தொகை சிறியது, ஆனால் அதைச் செலவிடும் முடிவு பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு நடந்ததா என்பதுதான் பின்னாளில் கேட்கப்படும்.

இவையெல்லாம் முடிந்தபின் உரையாடல் வகுப்பறைக்கு நகர வேண்டும். நகராமல் போவதுதான் வழக்கம். பதிவேடு கையில் பிடித்துக் காட்டக்கூடியது. பதிவேட்டைப் பற்றிப் பேசினால் இருவருக்கும் வேலை நடந்த நிறைவு கிடைக்கிறது. ஆகவே ஒரு கட்டத்துக்குப் பின் வழிகாட்டி தாமே சொல்ல வேண்டியிருக்கும்: ‘இன்னிக்குப் படிவம் ஒண்ணும் வேண்டாமுங்க டீச்சர், நாம ரெண்டு பேரும் நாலாம் வகுப்புக்குப் போயி உக்காரலாம்.’

கோச்சிங் உரையாடல் உண்மையில் எப்படி நடக்கும்?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். திருப்பூரை ஒட்டிய நடுநிலைப் பள்ளி. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள். புதிய தலைமை ஆசிரியை, ‘இந்திக்காரப் பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று தொடங்குகிறார்.

பிரிட்டனில் 1980களில் ஜான் விட்மோர் உள்ளிட்ட சிலர் உருவாக்கிய குரோ என்ற முறை இங்கே பயன்படும். அதில் நான்கு படிகள்: எதை அடைய வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உள்ளன, எதைச் செய்யப் போகிறீர்கள்.

கோச் முதலில் கேட்கிறார்: ‘பருவ முடிவில் என்ன நடந்திருந்தால் உங்களுக்கு நிறைவாக இருக்கும்?’ வருகை கூட வேண்டும் என்கிறார் ஆசிரியை. ‘யாருடைய வருகை?’ என்றதும் அவர் வருகைப் பதிவேட்டைப் பெயர் பெயராகப் பார்க்கிறார். எல்லாப் பிள்ளைகளும் அல்ல. குறிப்பிட்ட ஒரு லைன் வீட்டு வரிசையிலிருந்து வருபவர்கள்தான் அடிக்கடி வராதவர்கள் என்று தெரிகிறது. ‘அங்கே யாராவது போய்ப் பார்த்தீர்களா?’ இல்லை. அடுத்த சந்திப்புக்குள் ஆசிரியை ஓர் ஆசிரியரோடு மாலையில் சென்று பார்க்கிறார். இரவுப் பணிக்குச் சென்று திரும்பும் தாய் உறங்கும் நேரத்தில், மூத்த பெண் குழந்தை தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அக்கறையின்மை என்று தொடங்கிய பேச்சு, கைக்குழந்தையை அங்கன்வாடியில் சேர்ப்பது எப்படி என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

இந்த உரையாடலில் கோச் ஒரு விடையும் சொல்லவில்லை. நல்ல அனுபவசாலியான வழிகாட்டி ஒருவர் முதல் நிமிடத்திலேயே ‘வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள்’ என்று சொல்லியிருக்கலாம், ஆசிரியையும் போயிருக்கலாம். ஆனால் அடுத்த சிக்கலில் பெயர் பெயராகப் பதிவேட்டைப் பார்க்கும் பழக்கம் வந்திருக்காது.

என்னைவிட வயதிலும் பணியிலும் மூத்தவர்கள் என் கீழ் இருக்கிறார்கள். என்ன செய்வது?

இது எங்கும் உள்ள சங்கடம். நம் ஊரில் முறையும் மரியாதையும் பேச்சிலேயே கலந்திருப்பதால் சற்றுக் கூடுதலாக உறுத்துகிறது. உங்களுக்கே பாடம் நடத்தியவர் உங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியராக இருக்கலாம். அவரை ‘ஐயா’ என்று அழைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. காலையில் தாமதமாக வருவதைக் கண்டும் காணாமல் இருப்பது மரியாதை என்று எண்ண வேண்டியதும் இல்லை. வழிகாட்டியோடு இந்த உரையாடலை முன்கூட்டியே பேசி ஒத்திகை பார்ப்பது மிகவும் உதவும். வழிகாட்டி அந்த மூத்த ஆசிரியராக நடிக்க, நீங்கள் சொல்ல நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் முறை சிரிப்பு வரும். இரண்டாம் முறை உங்கள் குரல் எந்த இடத்தில் தேவையில்லாமல் உயர்கிறது, எந்த இடத்தில் கெஞ்சுகிறது என்பது தெரிந்துவிடும்.

பெண் தலைமை ஆசிரியர்களுக்கு இதோடு இன்னொரு சுமையும் சேர்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அப்படி இருந்தும் கூட்டத்தில் பேசுபவர்கள் உறுப்பினரல்லாத ஆண்களாக இருப்பது உண்டு. இத்தகைய கூட்டத்தை நடத்திப் பழகிய ஒரு பெண் தலைமை ஆசிரியரின் துணை, ஆண் வழிகாட்டியின் எத்தனையோ அறிவுரைகளைவிடப் பயனுள்ளது.

நன்கொடை தரும் ஊர்ப் பெரியவர்கள் விஷயத்தில் வழிகாட்டி எப்படி உதவுவார்?

கொங்குப் பகுதியில் பள்ளிக்குக் கொடுப்பது பழைய வழக்கம். மில் முதலாளிகளும் முன்னாள் மாணவர்களும் வகுப்பறையும் சுற்றுச்சுவரும் கட்டித் தந்த பள்ளிகள் ஏராளம். கொடுப்பவர்களில் பெரும்பாலோர் திரும்ப எதையும் கேட்பதில்லை, சிலர் கேட்கிறார்கள். கல்வெட்டில் பெயர் கேட்பது எளிய கோரிக்கை. தம் சாதிப் பிள்ளைகளுக்கு முன்வரிசை, காலை உணவு சமைப்பவர் யார் என்பதில் தலையீடு என்று நீளும்போது புதிய தலைமை ஆசிரியர் திணறிப்போகிறார். இங்கே கோச் கேட்கும் கேள்விகள் போதா. சட்டம் என்ன சொல்கிறது, ஊரில் யாரிடம் முதலில் பேசுவது, எதை எழுத்தில் வைத்துக்கொள்வது என்று சொல்லித்தர அதே வட்டாரத்தை அறிந்த வழிகாட்டி வேண்டும். சாதிப் பாகுபாட்டில் மட்டும் விட்டுக்கொடுத்துச் சமாளிக்கும் வழியைக் கற்றுத்தருபவரை வழிகாட்டியாக ஏற்க வேண்டாம்.

பேசுவதெல்லாம் ரகசியமாக இருக்குமா?

இருக்க வேண்டும், முதல் நாளே இருவரும் அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. குழந்தைக்குப் பாலியல் துன்பம் நேர்ந்திருப்பதாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிக்கலாம்’ என்று எந்த வழிகாட்டி சொன்னாலும் அவர் சொல் செல்லாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தலைமை ஆசிரியர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அரசு தரும் பயிற்சிகள் போதாதா?

அவற்றின் பயன் வேறு. புது தில்லியில் நீபா என்ற தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தின் கீழ் 2012 முதல் இயங்கும் தேசியப் பள்ளித் தலைமை மையம், தலைமை ஆசிரியர்களுக்கான பாடத்திட்டம் ஒன்றை வகுத்துள்ளது. சுயவளர்ச்சி, கற்றல் கற்பித்தலை மாற்றுதல், குழுவை உருவாக்குதல், புதுமைகள், கூட்டுறவுகள், நிர்வாகம் ஆகியவை அதன் பகுதிகள். 2019இல் ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்குமான நிஷ்டா பயிற்சி நாடு முழுவதும் தொடங்கியது. தேசியக் கல்விக் கொள்கை தலைமை ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் மேம்பாட்டைப் பேசுகிறது. அக்கொள்கையை ஏற்காத தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் தன் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. நம் பகுதியில் திருமூர்த்தி நகர், பெருந்துறை, மாயனூர் முதலிய இடங்களில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன.

ஆனால் பயிற்சி என்பது ஓர் அரங்கில் சில நாட்கள். அங்கே கேட்டது, திங்கட்கிழமை காலை இரண்டு ஆசிரியர் விடுப்பில் இருக்கும் பள்ளியில் எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு அரங்கத்தில் விடை கிடைக்காது. பயிற்சிக்குப் பின் வரும் மாதங்களில் யாராவது உடன் இருந்தால்தான் பயிற்சியே பயன்படும். இந்த நிறுவனங்கள் புதிய தலைமை ஆசிரியர்களையும் வழிகாட்டிகளையும் இணைத்துவைத்து, வழிகாட்டிகளுக்குக் கேட்கும் கலையைப் பழக்கித் தருவது மற்றொரு பயிலரங்கம் நடத்துவதைவிட மேல் என்பது எங்கள் கருத்து. அருகருகே உள்ள பள்ளிகள் கூடும் குறுவள மையக் கூட்டங்களின் ஒரு மணி நேரத்தையாவது இதற்கு விடலாம்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்?

சிங்கப்பூரில் தலைமைக்குத் தேர்வாகும் ஆசிரியர்கள் பதவி ஏற்பதற்கு முன்பே முழுநேரப் பயிற்சி பெறுகிறார்கள். 2001 முதல் நடக்கும் ஆறு மாதத் திட்டம் அது. இங்கிலாந்து 1997இல் தலைமை ஆசிரியர்களுக்கெனத் தனித் தகுதிச் சான்றை அறிமுகப்படுத்தி, 2009இல் கட்டாயமாக்கி, 2012இல் கட்டாயத்தை நீக்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் புதிய முதல்வர்களுக்கும் துணை முதல்வர்களுக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் வழிகாட்டியை ஏற்பாடு செய்தது. நமக்கு மிகவும் ஏற்றது ஒன்டாரியோ முறை. பணிமூப்பு முறையை மாற்றாமலே அதைச் செய்யலாம்.

இதனால் மாணவர்களுக்குப் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் உள்ளதா?

பாதி உண்டு. பள்ளி சார்ந்த காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்தபடியாக மாணவர் கற்றலைப் பாதிப்பது தலைமைதான் என்று கனடாவின் கல்வி ஆய்வாளர் கென்னத் லீத்வுட் குழுவினர் 2004இல் தொகுத்துக் காட்டினர். வழிகாட்டல் தலைமை ஆசிரியர்களின் தனிமையைக் குறைக்கிறது, தன்னம்பிக்கையைக் கூட்டுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தலைமை ஆசிரியர்கள் தாமே சொன்னதை அடிப்படையாகக் கொண்டவை. வழிகாட்டல் மதிப்பெண்ணை இவ்வளவு உயர்த்தும் என்று யாராவது விழுக்காடு சொன்னால் ஐயப்படுங்கள்.

தனியார் பள்ளி முதல்வர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. அங்கே தாளாளர் ஒரே நேரத்தில் முதலாளியும் ஆலோசகரும் ஆகிவிடுகிறார். நாமக்கல், ஈரோடு பகுதி உண்டு உறைவிடப் பள்ளிகளில் முதல்வர் முழுக்கத் தேர்வு முடிவால் மட்டுமே அளக்கப்படுவதும் உண்டு. வழிகாட்டி கண்டிப்பாக நிர்வாகத்துக்கு வெளியே, முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது தனி வழிகாட்டி எதற்கு?

சுற்றறிக்கையின் பிரதிக்கும் கடைசித் தேதிக்கும் குழு போதும். அதற்கு மேல் எதையும் அங்கே எழுத வேண்டாம். நூறு பேர் படிக்கிறார்கள், அவர்களில் சிலர் திரையைப் படம் எடுக்கிறார்கள்.

எவ்வளவு காலம் தொடர்வது? ஒத்துவராவிட்டால்?

முதல் ஆண்டில் மாதம் இருமுறை, இரண்டாம் ஆண்டில் மாதம் ஒருமுறை என்பது தாங்கக்கூடிய அளவு. வழிகாட்டல் உறவு தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை என்ற நான்கு கட்டங்களைக் கடக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம் 1980களில் எழுதினார். மூன்றாவது கட்டத்தை நம்மவர்கள் நன்றிகெட்ட செயலாக எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள். ஆகவே தொடங்கும்போதே முடிவுத் தேதியைக் குறித்துவிடுவது நல்லது.

ஒத்துவராததற்குச் சில அடையாளங்கள் உண்டு: சந்திப்பு முழுவதும் அவருடைய காலத்துக் கதைகளே ஓடுவது, நீங்கள் சொன்னது வேறொருவர் வாயிலிருந்து திரும்பி வருவது, அவர் வருவதற்கு முன்தினம் நீங்கள் பதிவேடுகளை அடுக்கி வைக்கத் தொடங்குவது. முதலாவது தென்பட்டால், இன்று இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள். பலர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது நடந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். மூன்றாவது நடந்தால், அவர் எப்போது ஆய்வாளராக மாறினார் என்று அவரிடமே நேரில் பேசிப் பார்க்கலாம். காரணம் சொல்லி விலகச் சங்கடமாக இருந்தால், பணிச்சுமை என்று சொல்லி விலகுவதில் தவறில்லை. அடுத்த வழிகாட்டியைத் தேடும் வேலையை மட்டும் அடுத்த கல்வியாண்டு வரை தள்ளிவைக்க வேண்டாம்.